டானிக் வேண்டாம், வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறியபின் இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாமல் ராஜா மாதிரி வைத்திருக்கிறோம். விழுந்துவிடுவார் என்று சைக்கிளையும் விற்றுவிட்டோம். ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறார், ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். என்ன சத்து டானிக் கொடுக்கலாம்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: இளைப்பதை டாக்டரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மனைவியை இழந்தவர்களுக்கு அது வருவதுண்டு, சிகிச்சையும் உண்டு. டானிக்கை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பா செய்கிற காரியம் என்று ஒன்றுகூட இல்லை. முப்பது நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை அது, அதற்கு இப்போது ரிமோட் மட்டும்தான். அறுபதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. உங்கள் அப்பா படுக்கையில் இல்லைதான், ஆனால் உட்கார்ந்தே இரண்டு வருடம் ஆகிறது.

அமெரிக்காவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 'நான் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது' என்ற எண்ணம் அதிகம் உள்ளவர்களுக்குக் கைப்பிடி வலு குறைவதும் நடை தளர்வதும் குறைவாகவே இருந்தன. ஜப்பானில் ஒசாகி பகுதியில் 40,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் ஏழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வாழ்க்கையில் பிடிப்பில்லை என்றவர்கள் அதிகமாக இறந்தார்கள், குறிப்பாக இதய, ரத்தக்குழாய் நோய்களால். உடம்பு கெட்டதால்தானே பிடிப்பு போகிறது என்று கேட்பீர்கள், அதுவும் உண்மைதான், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் ஏற்கெனவே இருந்த நோய், புகைபிடிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. காரணம் புரியாததல்ல. போகவேண்டிய இடம் இருப்பவர் எழுந்து குளிக்கிறார், நடக்கிறார், பசித்துச் சாப்பிடுகிறார், மாத்திரையை மறக்காமல் போடுகிறார், இரவில் தூங்குகிறார்.

உங்கள் ஊர்ப்பக்கமே பாருங்கள், மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி விவசாயி பாப்பம்மாள். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நூறு வயதைத் தாண்டியவர், அப்போதும் தன் இரண்டரை ஏக்கரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அந்த ஆயுசு வாய்க்காது, சரி. ஆனால் அவரை யாரும் 'நீ சும்மா உட்காரு ஆத்தா' என்று மூலையில் உட்கார வைக்கவில்லை.

அப்புறம் ஒன்று, பொழுதுபோக்குக்காக எதையாவது கையில் திணிக்காதீர்கள். அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நிற்கவேண்டும், அப்படிப்பட்டதாகக் கொடுங்கள். பேரப்பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவருவது, ரேஷன் கடை, தண்ணீர் மோட்டார், தெரு முழுக்க ஒழுகுகிற குழாய்கள். பக்கத்தில் பட்டறை இருந்தால் வேலை பழகும் பையன்களுக்குச் சொல்லித்தரட்டும். முதல் வாரம் 'எனக்கெதுக்குப்பா இதெல்லாம்' என்பார், வற்புறுத்தாதீர்கள். அடுத்த தடவை மோட்டார் மக்கர் செய்யும்போது பிளம்பருக்கு போன் போடாமல், 'அப்பா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க' என்று கேளுங்கள். அவர் பிரித்துப்போட்டு அரைநாள் ஆனாலும் குறுக்கே போகாதீர்கள்.