அழுக்குத் திரவமும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும்: பினாங்கு வாசகர்களின் கேள்விகள்

பாதுகாப்புக்காக, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஒரு திரவத்தின் சூட்டைச் சுவர் வழியே இன்னொரு திரவத்துக்கு மாற்றும் கருவி) கணக்கில் ஃபௌலிங் ஃபேக்டரை (அழுக்குப் படிவு சூட்டைத் தடுக்கும் என்று சேர்க்கும் எண்ணை) இரண்டு மடங்காகப் போடச் சொல்கிறார் மேனேஜர். போடலாமா? (பட்டர்வொர்த்)

வேண்டாம் அண்ணே. சுத்தமான டியூபில் யூ வேல்யூ, அதாவது சூடு சுவரைக் கடக்கும் திறன், 1000 என்று வையுங்கள் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, வாட் கணக்கில்). 0.0005 ஃபேக்டர் சேர்த்தால் அது 667 ஆகும், 0.001 சேர்த்தால் 500. சுத்தமான நிலைக்குத் தேவையான டியூப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிட்டீர்கள். முதல் நாளே, குளிர்விக்க வேண்டிய திரவம் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும், ஷிப்டில் இருக்கிற தம்பி கூலிங் வாட்டர் வால்வைப் பாதி மூடுவார், தண்ணீர் மெதுவாகும், டியூப் சுவர் சூடேறும், கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும், ஆக அது சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அழுக்குக்கென்று ஒதுக்கிய பரப்பே அழுக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறது! பரப்பைக் குறைத்து, பம்பு தரும் அழுத்தத்தை வேகத்துக்குச் செலவழியுங்கள். டியூபுக்குள் தண்ணீர் நொடிக்கு 1.5 முதல் 2 மீட்டர் ஓடட்டும். 1 மீட்டருக்குக் கீழே போனால் வண்டல் உட்கார்ந்துவிடும்.

அழுக்குத் திரவம் டியூபிலா, ஷெல்லிலா (டியூப்களைச் சுற்றியுள்ள வெளி உருளையிலா)?

டியூபில், அதுவும் நேரான டியூபில். பிரஷ் விட்டுத் தேய்க்கலாம். ஷெல்லில்தான் விட்டாக வேண்டும் என்றால் டியூப்களைச் சதுர வரிசையில் அடுக்கி, நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் சந்து விடுங்கள். சுத்தம் செய்ய டியூப் கட்டு வெளியே வர இடமும் வேண்டும். நான் பார்த்த ஓர் ஆலையில் 6 மீட்டர் கட்டுக்கு எதிரே 2 மீட்டரில் சுவர். கடைசியில் சுவரைத்தான் உடைத்தார்கள்.

செம்பனை ஆலைக் கழிவில் பிளேட் எக்ஸ்சேஞ்சர் (மெல்லிய தகடுகளை அடுக்கிய வகை) அடிக்கடி அடைக்கிறது. (நிபோங் திபால்)

நாரும் மணலும் எண்ணெயும் கலந்த கழிவுக்குக் குறுகிய பிளேட் இடைவெளி எப்படித் தாங்கும்? ஒரு சந்து அடைத்தால் திரவம் பக்கத்துச் சந்துக்கு நழுவிவிடும், அடைத்தது அடைத்தபடியே கிடக்கும். ஸ்பைரல் எக்ஸ்சேஞ்சரில் (தகடுகளைச் சுருளாகச் சுற்றிய வகையில்) திரவத்துக்கு வழி ஒன்றுதான். படிவு சேர்ந்து வழி குறுகினால் அங்கே வேகம் கூடி, அதுவே அரித்துத் தள்ளும். விலை கூடுதல்தான். நானாக இருந்தால் வாங்குவேன்.

குளிர்விக்கக் கடல்நீர் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா?

போதாது. படிவுக்கு அடியில் குளோரைடு குழி பறித்துவிடும். டைட்டானியம் போடுங்கள், ஆனால் சிப்பி அதிலும் ஒட்டும், அதனால் தண்ணீரில் குளோரின் கலப்பதை நிறுத்திவிடாதீர்கள்.