தவணை குறைந்தது, கடன் குறையவில்லை

கேள்வி: ஐந்து வருடமாகவே என் கனவு நிசானின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்கைலைன் ஜிடி-ஆர். நான்கு வருடத்துக்கு முன்பு ஜப்பானிலிருந்து 1991 மாடல் ஆர்32 (அந்தக் காரின் ஒரு தலைமுறை) ஒன்றை இறக்குமதி செய்தேன். எல்லாச் செலவும் சேர்த்து என் 20 மாதச் சம்பளம் ஆனது. 8 மாதச் சம்பளம் சேமிப்பிலிருந்து போனது, மீதி 12 மாதச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். இரண்டு வருடம் கழித்து சஸ்பென்ஷன், பிரேக், வீல் மாற்ற டாப்-அப் லோன், அதாவது இருக்கும் கடன்மேல் கூடுதல் கடன், எடுத்தேன். சில மாதங்களுக்கு முன்பு எக்ஸாஸ்ட், பூஸ்ட் கன்ட்ரோலர் (டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, மாற்றும் கருவி), ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) டியூனிங், சீட் என்று இன்னொரு டாப்-அப். முதல் டாப்-அப் என் மனைவிக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. பூஸ்ட்டை 1.2 பார் அழுத்தத்துக்கு ஏற்றி ஓட்டியதில் போன மாதம் இரண்டு டர்போவில் ஒன்று உடைந்துவிட்டது. டியூனர் என்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய சிங்கிள் டர்போ போட்டு 600 குதிரைத்திறன் எடுக்கலாம் என்கிறார். அதற்கு 6 மாதச் சம்பளம் ஆகும். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆப்பில் அதே அளவுக்கு டாப்-அப் தயாராக இருக்கிறது, ஏழு வருடத் தவணை. இந்தக் கார்களின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் இது முதலீடு என்கிறார் நண்பர். மனைவியோ விற்றுவிடச் சொல்கிறார். இப்போதைய நிலையிலேயே 14 மாதச் சம்பளத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. விற்கவா, வைத்திருக்கவா?

பதில்: விற்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அந்த ஆப்பை மூடுங்கள். உங்களைக் கஷ்டப்படுத்துவது கார் இல்லை. கடன் கொஞ்சம் குறைந்ததும் மறுபடி டாப்-அப் எடுக்கும் பழக்கம்தான். கார் இருந்தாலும் போனாலும் இந்தப் பழக்கம் நிற்காவிட்டால் அடுத்த நான்கு வருடமும் இப்படியே போகும்.

கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கைப் பார்ப்போம். முதல் கடன் 1,200, மாதத் தவணை சுமார் 26.7. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியதில் பாக்கி 800 ஆகியிருந்தது. அங்கே 300 டாப்-அப் எடுத்தீர்கள். கடன் 1,100 ஆனது, காலம் மறுபடி ஐந்து வருடம் ஆனது, தவணை 24.5. கவனியுங்கள், கடன் கூடியிருக்கிறது, தவணை குறைந்திருக்கிறது. 'மாதத் தவணை குறைகிறது, சமாளித்துவிடலாம்' என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் இதை இப்படி விற்கிறார்கள். இன்னும் இரண்டு வருடம் கட்டினீர்கள், பாக்கி சுமார் 740. மறுபடி 460. கடன் திரும்பவும் 1,200, தவணை திரும்பவும் 26.7.

இந்த நான்கு வருடத்தில் நீங்கள் கட்டியது மொத்தம் ஏறக்குறைய 1,230. அதாவது பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். அவ்வளவு கட்டிய பிறகும் பாக்கி, கார் வாங்கிய அன்று இருந்த அதே 1,200. வட்டி மட்டும் 470 போயிருக்கிறது. டாப்-அப் எதுவும் எடுக்காமல் முதல் கடனை மட்டும் கட்டியிருந்தால் அன்றைக்குப் பாக்கி 300தான் இருந்திருக்கும், ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். இதை உங்கள் கடன் அறிக்கையை எடுத்துவைத்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகச் சொல்லும்.

இப்போது மூன்றாவது டாப்-அப். இன்றைய பாக்கி சுமார் 1,150 என்று எடுத்துக்கொள்கிறேன். இதை அப்படியே கட்டினால் ஐந்து வருடத்துக்குள் 1,510 கட்டி முடித்துவிடுவீர்கள். 600 சேர்த்து ஏழு வருடத்துக்கு நீட்டினால் தவணை 31, மொத்தம் கட்ட வேண்டியது 2,600க்குப் பக்கம். ஆப் காட்டுவது 'மாதம் 4 மட்டும் அதிகம்' என்பதை. அது காட்டாதது, கையில் வரும் 600க்காக நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது 1,080க்கு மேல் என்பதை. பழைய கடனையும் சேர்த்து இழுப்பதால்தான் இவ்வளவு. 'முன் அனுமதி பெற்ற கடன்' என்று வரும் செய்திகளைப் பார்த்தாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. யாருடைய தேவைக்காக அந்த அனுமதி?

அந்த 600 மதிப்பீட்டையும் பார்ப்போம். டர்போ, மேனிஃபோல்டு, பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஈசியூ மேப்பிங், கூலி என்று நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது இந்த ஆர்பி26 என்ஜினுக்கு 280 குதிரைத்திறன் என்று கணக்கு. அதை 600க்குக் கொண்டுபோனால் கிளட்ச் தாங்காது, ஃபியூவல் பம்ப்பும் இன்ஜெக்டரும் போதாது. இவை பட்டியலில் இல்லை. இதைவிட முக்கியம் ஆயில் பம்ப். ஆர்32 காலத்து ஆர்பி26இல் கிராங்க்ஷாஃப்ட்டின் முனை ஆயில் பம்ப்பைப் பிடித்துச் சுற்றும் இடம் குறுகலானது. அதிக ஆர்பிஎம்மில் அடித்து ஓட்டினால் பம்ப்பின் கியர் உடைந்து எண்ணெய் அழுத்தம் போய்விடும், கூடவே என்ஜினும் போய்விடும். அடுத்த தலைமுறையான ஆர்33இல் நிசான் அந்த இடத்தை அகலப்படுத்தியது. ஆர்32 என்ஜினைப் பிரிப்பவர்கள் கிராங்க்கில் ஒரு காலர் போட்டு நல்ல பம்ப் ஒன்றை மாட்டுவது வழக்கம். இதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. ஆக, நான்காவது டாப்-அப் இந்த மதிப்பீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

டியூனரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு நல்ல கார் ஒன்று செய்துகாட்ட ஆசை, அது அவர் தொழில். ஆனால் உடைந்தது என்ன என்று கண்டுபிடிக்கும் முன்பே என்ஜினைப் பிரிக்கலாம் என்பது அவசரம். இந்தக் காரின் அசல் டர்போக்களில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு என்பதால் வேகமாகச் சுற்ற ஆரம்பிக்கும். கம்பெனி வைத்த பூஸ்ட் 0.7 பாரை ஒட்டித்தான். 1 பாரைத் தாண்டினால் செராமிக் சக்கரம் உடைவதும் தண்டிலிருந்து பிய்ந்து போவதும் இந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே நன்றாகத் தெரிந்த விஷயம். 1.2க்கு ஏற்றும் முன் உங்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சக்கரத்துண்டுகள் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய் வழியாக வெளியே போகும். பொடி மட்டும் சில சமயம் பின்னோக்கி சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறிவிடும். அப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது: சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட், அப்புறம் ஸ்பார்க் பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் கேமரா விட்டு ஆறு சிலிண்டரையும் பார்ப்பது. மூன்றும் சேர்ந்து ஒரு தவணைப் பணம்கூட ஆகாது. டியூனருக்கு வேண்டியவர் இல்லாத வேறொரு மெக்கானிக்கிடம் செய்யுங்கள். அதுவரை காரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இழுவை வண்டியில் ஏற்றியே கொண்டுபோங்கள்.

முடிவு இந்த டெஸ்ட்டைப் பொறுத்தது.

சிலிண்டர் எல்லாம் நன்றாக இருந்தால் காரை வைத்துக்கொள்ளலாம் என்பேன். உங்களுக்கு இந்தக் கார் எவ்வளவு பிடிக்கும் என்பது கடிதத்தில் தெரிகிறது. பிடித்ததற்குச் செலவு செய்வதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 600 குதிரைத்திறனை மறந்துவிடுங்கள். அசல் அளவிலேயே எஃகு டர்பைன் சக்கரம் கொண்ட டர்போ ஜோடி கிடைக்கிறது. இந்த என்ஜினில் டர்போவைக் கழற்றுவதே பெரிய வேலை, கூலியில் பாதி அதற்கே போகும். அதனால் கழற்றும்போதே டர்போவுக்குப் போகும் எண்ணெய், தண்ணீர்க் குழாய்களையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் எப்போது மாற்றினார்கள் என்று உங்களிடம் ரசீது இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் பழைய ரப்பர் ஹோஸ்களும் அப்படித்தான். பூஸ்ட்டை மறுபடி கம்பெனி அளவுக்கே இறக்குங்கள், ஈசியூ மேப்பையும் உங்களுக்குக் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள். ஜப்பானில் இந்தக் கார் குடித்தது பெரும்பாலும் 100 ஆக்டேனை ஒட்டிய பெட்ரோல். அதைவிடக் குறைந்ததை ஊற்றி அதே டைமிங்கில் ஓட்டினால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி எரிவது) வந்து பிஸ்டன் போகும். புது டர்போவும் அதைக் காப்பாற்றாது.

இதற்கெல்லாம், டியூனரின் பட்டியலோடு நீங்கள் அனுப்பியிருக்கும் இரண்டாவது விலைப்பட்டியல்படி, 220 ஆகும். கடன் இல்லாமல் எப்படி? கார் நிற்பதால் பெட்ரோல், டயர், கார்டில் வாங்கும் சில்லறைப் பாகங்கள் என்று மாதம் போய்க்கொண்டிருந்த 12 மிச்சம். பத்து மாதத்தில் 120. வருடாந்திர போனஸில் பாதி 50. வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது வீல் செட்டை விற்றால் 50. கணக்கு சரியாகிவிட்டது. பத்து மாதம் கார் நிற்கும். கவர் போட்ட காரைத் தினமும் பார்ப்பது கஷ்டம்தான், ஆனாலும் நிற்கட்டும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஈரம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஓடாத காலத்துக்கான குறைந்த பிரீமியம் பாலிசி கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள்.

காப்பீடு பற்றிப் பேசும்போது ஒரு சந்தேகம். பூஸ்ட் கன்ட்ரோலர், ஈசியூ, சஸ்பென்ஷன், பிரேக் எதையுமே நீங்கள் நிறுவனத்திடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்து இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வாய்ப்பு கொடுத்தது மாதிரி. கடனில் இருக்கும் காருக்கு இது நடந்தால் கார் போய்க் கடன் மட்டும் நிற்கும். எழுத்தில் தெரிவித்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு பாலிசி தருவார்களா என்று பாருங்கள். சந்தை விலை என்று போட்டால் முப்பது வருடத்துக்கு முந்தைய சாதாரண கார் கணக்கில் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள்.

சிலிண்டர் கீறியிருந்தால் வேறு கதை. என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும், ஆயில் பம்ப் வேலையும் சேரும், 220இல் முடியாது. அந்த நிலையில் என் பதில் விற்றுவிடுங்கள் என்பதுதான். 1,400 தருகிறேன் என்பவரிடம் டெஸ்ட் முடிவை மறைக்காமல் காட்டுங்கள், கொஞ்சம் குறைப்பார். 1,300 வந்தாலும் 1,150 கடன் தீர்ந்து 150 கையில் நிற்கும், மாதம் 26.7 விடுதலையாகும். அதில் 20ஐ மட்டும் தனிக் கணக்கில் போட்டு வந்தால் மூன்றே வருடத்தில் 720, வட்டி தனி. அப்போதும் ஆசை இருந்தால் கடனே இல்லாமல் வேறொரு ஜப்பான் காரைப் பாருங்கள், ஏல ஷீட்டில் 'ஆர்' கிரேடு போட்ட, அதாவது விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த, காராக இல்லாமல் பார்த்து.

நண்பர் சொல்லும் முதலீட்டு வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆர்32க்கு விலை ஏறியது உண்மை. அமெரிக்காவில் 25 வருடம் ஆன கார்களைத் தடையில்லாமல் இறக்கலாம் என்பது விதி. 1989 மாடல்கள் 2014இல் அந்த வயதை எட்டின, தேவை கூடியது, விலையும் கூடியது. அந்த ஏற்றம் நீங்கள் வாங்கிய விலையிலேயே சேர்ந்திருக்கிறது. இன்னும் ஏறினாலும் முதலில் ஏறுவது ரசீதுகளோடு, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்தான். மாற்றிய பாகங்களுக்குப் போட்ட பணத்தில் பாதி திரும்பக் கிடைத்தால் அது நல்ல வியாபாரம். கழற்றிய அசல் சீட், எக்ஸாஸ்ட், வீல் எதையும் விற்றுவிடாதீர்கள். வீட்டில் இருப்பதில் வெளியில் வாங்கிய வீல் செட்டைத்தான் விற்கச் சொன்னேன். 12 சதவீத வட்டிக்கு வாங்கிய கார் வருடம் 12 சதவீதம் ஏறினால்கூட உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, காப்பீடும் பராமரிப்பும் அதை விழுங்கிவிடும். பழைய கார்களைப் பங்கு பங்காகப் பிரித்து ஆப்பில் விற்கும் திட்டங்களும் இப்போது வருகின்றன. நண்பர் அடுத்து அதைத்தான் சொல்வார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டவும் முடியாது, நினைத்தபோது விற்கவும் முடியாது.

காரை வைத்துக்கொள்வதாக முடிவானால் வேலை முடிந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் 8 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அது பராமரிப்புக்கு மட்டும். அதில் பணம் சேர்ந்த பிறகுதான் எந்தப் பாகமும். ஆசைப்பட்ட பாகத்துக்கு முன் பிரேக் ஃபுளூயிட், ஹோஸ், புஷ், பெல்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அசல் பாகங்களுக்கு 2017 கடைசியில் தொடங்கிய நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் ஹெரிடேஜ் திட்டம் இருக்கிறது, ஆர்32க்குப் பல பாகங்கள் மறுபடி செய்கிறார்கள். விலை கூடுதல்தான், அதையும் நினைவில் வைத்தே 8 என்று சொன்னேன்.

கடைசியாக, இரண்டாவது டாப்-அப்பை மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் விற்கச் சொல்வது பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு. முழுக் கணக்கையும் இருவரும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த பிறகு அவர் என்ன சொல்கிறாரோ அதற்கு என் யோசனையைவிட அதிக மதிப்பு கொடுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் டாப்-அப் அழைப்புகளை நிறுத்தும்படி எழுதிக் கொடுங்கள், முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். டெஸ்ட் முடிந்ததும் ஆறு சிலிண்டரின் எண்களையும் அனுப்புங்கள்; ஒன்று மட்டும் மற்ற ஐந்தைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், டர்போவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் என்னிடம் சொல்லுங்கள்.