ரசிகர் வீட்டில் ஒரு நாயனம்

வாசகர் கேள்வி:

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மாமனாருக்கு நாயனம், அதாவது நாதஸ்வரம், என்றால் உயிர். திருவிழாவில் நல்ல நாயனம் என்று காதில் விழுந்தால் எத்தனை மைல் ஆனாலும் நடந்து போய், விடிய விடியக் கேட்டுவிட்டு வருவாராம். என் கணவரும் அப்படித்தான். காலைக் காபிக்கு முன்னால் எங்கள் வீட்டில் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் கேட்கும். அந்த வீட்டில் வளர்ந்த என் மகள் இரண்டு வருடமாகப் பக்கத்து ஊர் வித்வானிடம் நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறாள். பத்தாவது முடித்துவிட்டாள். "பிளஸ் ஒன் வேண்டாம், இசைப்பள்ளியில் சேர்ந்து நாதஸ்வரக் கலைஞர் ஆகிறேன்" என்கிறாள். "இசை ரசிக்கத்தான், பிழைக்க இல்லை" என்று அவள் அப்பா பேச்சை முடித்துவிட்டார். சொந்தக்காரர்களோ, "பொண்ணு போய் நாயனம் ஊதினா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. என்ன செய்யட்டும்?

– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. உங்கள் கணவர் சொன்னதைத்தான் என் அப்பாவும் சொன்னார். நான் அப்போது வயலின் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உடம்பு விஷயத்தை முடித்துவிடுவோம்.

பெண்கள் நாயனத்தைத் தொடாத காலத்திலேயே மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அதை எடுத்து வாசித்துப் பெரிய பெயர் வாங்கினார். நம் காலத்தில் காலீஷாபி மஹபூப், தன் கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கிறார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ இருவருக்கும் கிடைத்தது. நாயனத்துக்கு வேண்டியது மூச்சை அடக்கி, அளந்து விடுகிற பழக்கம். அது சாதகத்தில், அதாவது தினசரிப் பயிற்சியில், வருவது. ஆரம்பத்தில் உதடு வலிக்கும், கன்னம் வலிக்கும், சில சமயம் தலைகூட லேசாகச் சுற்றும். பையன்களுக்கும் இதே கதைதான். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலருக்கு இந்த வயதில் ரத்தசோகை இருக்கிறது. அதனால் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஊத விடாதீர்கள். அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் உடம்பைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் வேறு. "நம்ம வீட்டுப் பிள்ளை மேளக்காரர்களோடு போய் நிற்பதா?" என்பதுதான் அது. வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களும் எழுதவில்லை. ஆனாலும் இதைப் பேசாமல் விடக் கூடாது. இந்த இசையை எத்தனையோ தலைமுறையாகக் காப்பாற்றிக் கொண்டுவந்த குடும்பங்களை நம் ஊர் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் நிற்க வைத்தே வாசிக்கச் சொன்னது. சட்டை போடக் கூடாது என்றும் சொன்னது. மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று உறுதியாக நின்றவர் ராஜரத்தினம் பிள்ளை. உங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒலிக்கிற அந்தத் தோடிக்குள் அந்த ரோஷமும் சேர்ந்துதான் இருக்கிறது. அந்த வித்வானைக் கும்பிடுகிற வீடு, அந்த வாத்தியத்தைக் கையில் எடுக்கிற பிள்ளையைப் பார்த்துக் கூசக் கூடாது. உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வித்வான் வீட்டுக்கு வந்தால், உங்கள் கணவர் அவரை நடுக்கூடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடட்டும். சொந்தக்காரர்களுக்கு அதற்கு மேல் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இனி உங்கள் கணவர்.

உங்கள் மகளுக்குக் கேள்வி ஞானம், அதாவது கேட்டுக் கேட்டே வந்த இசை அறிவு, நிறைய இருக்கிறது. அதைக் கொடுத்தது அவரும் அவருடைய அப்பாவும்தான். நாயனத்தில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்கிறேன். விரல் வைக்க ஏழு துளைகள்தான். ஆனால் வர வேண்டிய ஸ்வரம் அதைவிட அதிகம். மிச்சத்தை மூச்சின் அழுத்தத்தாலும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதடு பிடிக்கிற பிடியாலும் கொண்டுவர வேண்டும். ஒரு துளையை மூடினால் ஸ்வரம் தானாக வந்து நிற்காது. காது கேட்டுச் சொன்னால்தான் உதடு சரி செய்யும். தோடியின் காந்தார ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்று காபி குடிக்கும்போதே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மற்றவர்கள் பல வருடம் பாடுபட்டுப் பிடிப்பது முன்னாலேயே மனதில் இருக்கும்.

நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா விவசாயம் பார்த்தவர், நாயனத்தின் மேல் தீராத ஆசை கொண்டவர், அந்த ஆசைதான் மகனை அந்தப் பக்கம் கொண்டுபோனது என்று சொல்வார்கள். பிறகு அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையிடமே சிஷ்யராகச் சேர்ந்தார். ரசிகர் வீட்டில் வித்வான் பிறப்பது நம் மண்ணில் புதிதில்லை.

அப்படியானால் இத்தனை ரசனை உள்ள மனிதர் ஏன் தடுக்கிறார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் கேட்டதெல்லாம் உச்சத்தில் இருந்தவர்களின் வாசிப்பு. அதனால், தன் மகள் அந்த உயரத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் சாதாரண அப்பாக்களைவிட அவருக்கு அதிகம். என் அப்பாவுக்கும் இதே பயம்தான். அவர் அருமையான ரசிகர். நான் உள்ளே சாதகம் செய்துகொண்டிருப்பேன். திண்ணையில் இருந்தபடி, "பிசிறடிக்குது பார்", "அந்த நிஷாதம் சேரலை" என்று குரல் கொடுப்பார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் பதினான்கு வயதில் எனக்கு என்ன ஆனது தெரியுமா? அவர் காதில் விழக் கூடாது என்று வில்லை அழுத்தாமல் மெதுவாக இழுக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. நல்ல நாதம் வர வேண்டிய வயதில் என் வயலின் முணுமுணுத்தது. அதைச் சரி செய்ய எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இன்றைக்கும் யாராவது வாசலில் நின்று கேட்டால் என் வலது கை கொஞ்சம் சுருங்கும். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொடுத்த காதால்தான் நான் முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்தேன். ஆனாலும் அந்த வயதில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாயனத்தை மெதுவாக ஊதிப் பழகவே முடியாது. அது வெளியில், ஊர் முழுக்கக் கேட்க வாசிக்கிற வாத்தியம். கீச்சென்று ஒரு ஸ்வரம் தப்பினாலும் நான்கு தெருவுக்குத் தெரியும். அதனால் உங்கள் கணவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கச்சேரி கேட்கிற காதை, மகள் சாதகம் பண்ணும்போது கொஞ்சம் ஒதுக்கி வைக்கட்டும். ஒரே ஸ்வரத்தை அரை மணி நேரம் நீட்டி ஊதுவாள், ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் திரும்பத் திரும்ப வாசிப்பாள். அதில் ரசிக்க ஒன்றும் இருக்காது. தப்பைச் சொல்ல வாத்தியார் இருக்கிறார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு முன்னால், "எங்கே, ஒரு கீர்த்தனை வாசி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். விடியற்காலையில் கோயில் மண்டபத்திலோ ஆற்றங்கரையிலோ அவள் வாசிக்க ஒரு இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர் துணைக்குப் போய் உட்காரலாம். பேசாமல் உட்கார வேண்டும்.

பிழைப்பைப் பற்றி அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மறைக்க மாட்டேன். நாயனக்காரர்களின் வரும்படி முகூர்த்த நாட்களை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பல மண்டபங்களில் இப்போது செண்டை மேளத்தைக் கூப்பிடுகிறார்கள். கோயில் உத்தியோகம் உண்டு, ஆனால் இடங்கள் குறைவு, சம்பளமும் கோயிலைப் பொறுத்தது. கல்யாணம், கோயில், வானொலி, பாடம் சொல்லிக் கொடுப்பது என்று நான்கைந்தையும் சேர்த்துத்தான் பெரும்பாலோர் குடும்பம் நடத்துகிறார்கள். பெண் என்றால் ராத்திரிப் பயணம், தங்கும் இடம், கூட வாசிக்கும் தவில்காரர்கள் யார் என்பதையெல்லாம் வீட்டார் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

அதனால், படிப்பை நிறுத்த வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். மூன்று வருடப் படிப்பு. அவசரமே இல்லை. பிளஸ் டூ வரை பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கட்டும். டியூஷன் மட்டும் வேண்டாம், அந்த நேரம் வாத்தியார் வீட்டுக்கு. பிளஸ் டூ முடித்ததும் இசைப்பள்ளியா, இல்லை திருவையாறு அரசு இசைக் கல்லூரியா என்று வாத்தியாரே சொல்லட்டும். அறநிலையத் துறையும் சில பெரிய கோயில்களில் நாதஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகிறது, அதையும் விசாரியுங்கள். இந்த இரண்டு வருடத்தில் வாய்ப்பாட்டும் கற்றுக்கொள்ளட்டும். ராஜரத்தினம் பிள்ளையே பாட்டுப் பயின்றவர்தான். வாயால் பாடத் தெரிந்ததைத்தான் நாயனத்தில் நம்பி வாசிக்க முடியும்.

"நாயனமா, படிப்பா?" என்று மகளிடம் கேட்காதீர்கள். பதினைந்து வயதில் அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் பிடிவாதம்தான் பிடிக்கும். "நாயனம் உண்டு, எப்படி என்று பேசுவோம்" என்று அப்பா வாயிலிருந்து வந்தால், பிளஸ் ஒன்னுக்கு அவளே பை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

இன்னொரு வேலையையும் அவரிடமே கொடுங்கள். அவள் இப்போது யாருடைய வாத்தியத்தில் வாசிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. சொந்தமாக இல்லையென்றால், உங்கள் ஊரிலிருந்து நரசிங்கம்பேட்டை ரொம்பத் தூரம் இருக்காது. 2022ல் புவிசார் குறியீடு வாங்கிய நாயனம் அந்த ஊருடையதுதான். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பட்டறையில் கடைசல் நடப்பதை அப்பாவும் மகளும் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் வாத்தியார் இல்லாமல் வாங்கிவிட வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய், சுருதி சேர்த்து, அவரே ஊதிப் பார்த்து எடுக்கட்டும். சீவாளி நான்கைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் கையில் அது சீக்கிரம் உடையும்.