கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் கவலை

கேள்வி: எனக்கு வயது 43. போடிநாயக்கனூரிலிருந்து தினமும் ஜீப்பில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறேன். இரவு 11 மணிக்குப் படுத்து 3.30க்கு எழுகிறேன். சில மாதங்களாகக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. மகள் செல்போனில் மைண்ட்ஃபுல்னெஸ் தியானம் போட்டுக் கொடுத்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன், இல்லையேல் கவலை இன்னும் பெருகுகிறது. எனக்கு இதெல்லாம் வராதா, டாக்டர்?

பதில்: முதலில் படபடப்பைப் பார்த்துவிடுவோம், அம்மா. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போல அசதி, படபடப்பு, பதற்றமாகத்தான் தலைகாட்டும். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு ஈ.சி.ஜி. ஆகியவற்றை இந்த வாரமே அரசு மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே போக வேண்டும்.

நாலரை மணி நேரம் தூங்குகிறவர் கண்ணை மூடினால் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? கொஞ்சம் முன்னதாகப் படுக்கப் பாருங்கள். இரவுப் பாத்திரங்களை மகள் கழுவினால் படிப்பு கெட்டுவிடாது.

இனித் தியானம். மனம் ஓடுவதைத் தோல்வி என்று எண்ணிவிட்டீர்கள். ஓடிவிட்டது என்று கண்டுகொண்டு திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சியே. நான் பழகிய புதிதில் மூச்சை எண்ணுவதை விட்டு, வெளியே காத்திருந்த நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பௌத்தர்கள் பாலி மொழியில் ‘சதி’ (விழிப்போடு கவனித்தல்) என்று அழைத்த பழக்கம் இது. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இதை மருத்துவமனைப் பயிற்சியாக்கினார். எட்டு வாரப் பயிற்சி. தியானம் பற்றிய 47 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. மருந்தையும் உடற்பயிற்சியையும் விட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. செல்போனில் சொல்லப்படும் அளவுக்கு எல்லாம் நம்பிவிட வேண்டாம்.

கண்ணை மூடினால் கவலை பெருகுகிறவர்கள் கண்ணைத் திறந்தே பழகலாம். செடியின் அடியில் குனிந்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் விரல் தேடி எடுக்கிறதே, அந்த விரலில் பத்துக் காய் எடுக்கும் வரை கவனத்தை வையுங்கள். காயின் ஈரம், அது காம்பிலிருந்து விடுபடும் நொடி, இடுப்பில் வரும் இழுப்பு. நடுவில் கடன் ஞாபகம் வரும். வந்ததா, சரி, அடுத்த காய்க்கு வாருங்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை போதும். ஜீப்பில் போகும்போது போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து வரலாம். ஓட்டுநருக்கு மட்டும் இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் சாலையைப் பார்க்கட்டும்.

பழைய துயரம் ஏதாவது கிளறிவிடப்பட்டால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மலையில் சாப்பாட்டோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். பரிசோதனை முடிவுகள் வந்ததும், ஒரு நாளைக்கு எத்தனை சாயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.