நான்கு வாரத் தொண்டுக்கு ஒன்றேகால் லட்சமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத விடுமுறையில் தோழிகள் இருவருடன் கம்போடியாவுக்குச் சென்று, ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் நான்கு வாரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசை. பள்ளியோடு சேர்ந்த அநாதை இல்லத்திலேயே தங்கிக்கொள்ளலாமாம். ஏற்பாடு செய்யும் நிறுவனம் விமானக் கட்டணம் நீங்கலாக ஆளுக்கு 1,25,000 ரூபாய் கேட்கிறது. இந்த மாதமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்பா தயங்குகிறார். கட்டலாமா? (வாசகி, காட்பாடி)

பதில்: இப்போது கட்டாதீர்கள். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அநாதை இல்லத்தில் தங்கும் ஏற்பாடு மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதுவும் விருந்தாளியை வரவேற்ற பக்கத்தில் நின்று பெற்ற அனுபவம். அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். வேலூர் மருத்துவமனை ஊர் அல்லவா, வெளிநாட்டு மாணவர்கள் எப்போதும் வந்தபடி இருப்பார்கள். அவர்களில் சிலர் இரண்டு வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருவார்கள். எந்தக் குழு வந்தாலும் பாடம் வண்ணங்களில்தான் தொடங்கும். ஆப்பிள் படம் போட்ட சிவப்பு அட்டை, வானம் போட்ட நீல அட்டை. ஒருமுறை வந்த இளைஞர் கைதவறி அட்டைகளைக் கொட்டிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து பொறுக்கி, சிவப்பை மேலே, அதன்கீழ் நீலம், பிறகு மஞ்சள் என்று அடுக்கிக் கொடுத்தாள். அவள் பார்த்த நான்காவது குழு அது. அந்த இரண்டு வாரமும் வகுத்தல் கணக்கு நின்றுபோயிருந்தது. அவர்கள் போனபின் முதலிலிருந்து ஆரம்பித்தோம். வந்த பிள்ளைகள் தங்கமானவர்கள். எங்களுக்கு என்ன தேவை என்று வாய்திறந்து சொல்லாதது என் தவறு.

இனி அநாதை இல்லத்துக்கு வருகிறேன். 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் கம்போடியாவில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்தக் காலத்தில் அங்கே உள்நாட்டுப் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. சுற்றுலாப் பயணிகள்தான் பெருகினார்கள். இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக அந்நாட்டு அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து செய்த ஆய்வு சொன்னது. பள்ளியும் சோறும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, கிராமத்துத் தாய் பிள்ளையை அனுப்பிவைக்கிறாள். பார்க்க வருகிறவர் கொடுக்கும் பணம் இல்லத்தை நடத்துகிறது. பணம் வர வேண்டுமென்றால் குழந்தைகள் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது இந்த ஆள்சேர்ப்பை அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே அங்கீகரித்தது. போதாக்குறைக்கு, நான்கு வாரம் மடியில் ஏறி உட்கார்ந்த அக்கா ஐந்தாம் வாரம் காணாமல் போவாள்; அடுத்த மாதம் வேறொரு அக்கா வருவாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

பிள்ளைகள் மாலையில் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகும் பள்ளியென்றால் பேச்சே வேறு. கம்போடிய அரசுப் பள்ளிகள் பலவற்றில் பாதி நாள்தான் வகுப்பு, காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மீதிப் பொழுதில் ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கும் சிறு பள்ளிகள் அங்கே நிறைய உண்டு. நிறுவனத்திடம் விட்டுவிடாமல், நேரே அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எங்களுக்கு முன் வந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார்? வகுப்பில் உள்ளூர் ஆசிரியர் உடன் இருப்பாரா? நாங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு பள்ளிக்கு வந்து சேருகிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள். உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக நிற்கும் வேலை கிடைத்தால் நல்லது, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் நடத்துவதென்றால் என் பள்ளியின் வகுத்தல் கணக்குக்கு நேர்ந்ததுதான் அங்கும் நேரும்.

நல்ல பள்ளி உங்களையும் சோதிக்கும். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கும். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாய்க்கு அதைப் பெறலாம். முன்பின் தெரியாதவர்களைச் சான்று கேட்காமல் குழந்தைகளிடம் விடும் பள்ளி, உங்களுக்கு முன் யார் யாரை விட்டதோ? எந்த வகை விசாவில் போக வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்போடியாவுக்கு ‘டி’ (T) வகை விசா சுற்றுலாவுக்கானது, கற்பிப்பதற்கானது அல்ல. “சுற்றுலா என்றே சொல்லிவிடுங்கள்” என்று நிறுவனம் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாட்டினால் மாட்டுவது நீங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கணிதம் படிக்கும் நீங்கள் ஏன் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்கள்? சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. அங்கிருந்து மலையேறினால் ஹட்டன், நுவரெலியா, தேயிலைத் தோட்டங்கள். நம் மாவட்டங்களிலிருந்தெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தமிழ்வழியில் படிக்கிறார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பற்றாக்குறை என்பது அங்கே நெடுநாள் புலம்பல். கம்போடியாவின் கெமர் மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் நிற்பதைவிட, ‘சாதாரண தரம்’ என்ற இலங்கைப் பள்ளிப் பொதுத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்குத் தமிழிலேயே இயற்கணிதம் சொல்லித்தருவது எவ்வளவோ மேல். கலைச்சொல் மட்டும் கொஞ்சம் மாறும்: நமக்கு முக்கோணம், அவர்களுக்கு முக்கோணி. பாடநூலை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். அரசுப் பள்ளியானால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி பெறப்பட்டதா என்று கேளுங்கள். விசா விதியை அங்கும் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

எந்த நாடானாலும், புறப்படும் முன் சில மாதம் சனிக்கிழமைகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். பீஞ்சமந்தை மலைவரை போக முடியாவிட்டால் உங்கள் தெருவிலேயே நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். மூன்றாவது சனிக்கிழமை அலுப்பு வந்தால் ஒன்றேகால் லட்சம் மிச்சம்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது தலைப்பெழுத்தில்தான். பாஸ்போர்ட்டில் ‘எஸ்.’ என்று ஒற்றை எழுத்து செல்லாது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டும். விசாவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்கட்டும்.