இன்ஜினுக்காக ஒரு காரையே வாங்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். என்னுடைய 1995 புரோட்டோன் வீரா 1.5 மேனுவலின் இன்ஜின் போய்விட்டது. ராவாங்கில் ஒருவர் 1996 வீரா 1.8-ஐ, பாகங்களைக் கழற்றிக்கொள்ளும் டோனர் காராக, முழுசாக 4,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார். பின்னால் லாரி மோதி நசுங்கிய வண்டி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. கிராண்ட் (வண்டியின் பதிவுப் பத்திரம்) அவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறது. அதில் வங்கியின் பெயரும் உண்டு, ஆனால் கடன் எப்போதோ முடிந்துவிட்டதாம். விபத்துக்குக் காப்புறுதிப் பணமும் வாங்கிவிட்டார்களாம். ஹாஃப் கட் கடையில் (பழைய கார்களை வெட்டி முன்பாதியையும் இன்ஜினையும் விற்கும் கடை) அதே 1.8 இன்ஜினை கியர்பாக்ஸ், ஈசியுவோடு (இன்ஜினை இயக்கும் கணினி) 3,800 வெள்ளிக்குத் தருகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைய நிலையில் ராவாங் காருக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். விலை நியாயம்தான். உங்கள் 1.5-இன் 4ஜி15 இன்ஜின் இருந்த இடத்தில் 1.8-இன் 4ஜி93 உட்கார வேண்டுமென்றால் மவுண்டிங், டிரைவ்ஷாஃப்ட், ஒயரிங், ரேடியேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டும். முழுக் கார் கையில் இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். அடி பின்பக்கம் என்பதும் நல்லதே. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது, அதுவும் மூன்று இடங்களில்.

முதலாவது, விற்பவர் உரிமையாளர் அல்ல. 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, உரிமையாளரின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் விற்றால், பொதுவாக அவருக்கு இருந்த உரிமைதான் உங்களுக்கு வரும். தம்பிக்கு உரிமை எதுவும் இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை. அண்ணன் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். அவர் இறந்திருந்தால் குடும்பத்தார் அமானா ராயா (இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனம்) வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சட்டப்படி அதிகாரம் பெற்ற பிறகுதான் அந்த வண்டியை விற்க முடியும். நகைக்கடையில் ரசீது கேட்கும் நம்மவர்கள் கார் விஷயத்தில் மட்டும் “தெரிந்த பையன்தானே” என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, வங்கியின் பெயர். 1967 தவணைக் கொள்முதல் சட்டப்படி கடைசித் தவணை கட்டி முடியும் வரை வண்டி வங்கியுடையது. கடன் முடிந்தது உண்மையென்றால் வங்கி தன் உரிமைக் கோரலை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது வங்கியின் கடன் தீர்வுக் கடிதம், அதோடு கோரல் நீங்கிய நிலையைக் காட்டும் ஜேபிஜே பதிவு. இரண்டும் வராவிட்டால் அது சம்புங் பாயாரில் (பெயர் மாற்றாமல் மீதித் தவணையை வேறொருவர் கட்டும் ஏற்பாடு) கைமாறிய வண்டியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியைப் பிரித்துப் போட்டபின் வங்கியின் ஆள் வந்தால், நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இன்ஜினுக்கு மட்டுமல்ல, மொத்தக் காருக்கும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. காப்புறுதிப் பணம் எங்கிருந்து வந்தது? லாரிக்காரரின் காப்புறுதியிடம் மூன்றாம் தரப்பாகக் கோரியிருந்தால், சிதைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு பணம் தருவது வழக்கம், வண்டி உரிமையாளரிடமே இருக்கும். அண்ணனுடைய சொந்தக் காப்புறுதியில் முழு இழப்பு என்று பணம் வாங்கியிருந்தால் அந்தச் சிதைவு பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்துக்கே போய்ச் சேரும். அப்புறம் அதை விற்க அண்ணனுக்கே உரிமை இல்லை. செட்டில்மெண்ட் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அதில் ஒரே வரியில் விடை இருக்கும்.

மூன்றும் சரியாக அமைந்தாலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெயர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற வாகனப் பரிசோதனை மையத்தில் வண்டி தேற வேண்டும். பின்பக்கம் நசுங்கிய கார் தேறாது. ஆகவே உங்கள் பெயருக்கு மாற்றும் யோசனையையே விடுங்கள். இன்ஜினையும் தேவையான பாகங்களையும் மட்டும் அண்ணன் உங்களுக்கு விற்கட்டும். வண்டியின் மிச்சக் கூட்டை முறைப்படி கழித்து, ஜேபிஜேயில் பதிவை ரத்துச் செய்யும் பொறுப்பு அவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடு உங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்கு வந்தால் நிர்வாகக் குழுவோடு சண்டை, பிறகு டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) நோட்டீஸ், கடைசியில் இழுவை வண்டி.

விற்பனைக் கடிதம் ஒரு பக்கம் போதும். இருவரின் அடையாள அட்டை (ஐசி) எண், வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், பாகங்களின் பட்டியல், விலை, அதுவரையிலான சம்மன்களும் கடனும் விற்பவரைச் சேர்ந்தவை என்ற வாசகம். முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முத்திரை தேவைப்படும் ஒப்பந்தம் முத்திரையில்லாமல் இருந்தால் நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பணத்தில் பாதியை கையெழுத்தின்போதும், மீதியை இன்ஜின் கைக்கு வந்து எண் சரிபார்த்தபின்பும் கொடுங்கள்.

எண் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கிராண்டில் உள்ள எண்ணும் பிளாக்கில் குத்திய எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். துரு தின்று படிக்க முடியாமல் இருந்தாலோ, கிரைண்டர் தடம் தெரிந்தாலோ, பரிசோதனையில் நிற்காது. திருட்டு இன்ஜின் என்று ஆனால் விசாரணை தண்டனைச் சட்டம் 411-க்கே (திருட்டுப் பொருளை வாங்கிய குற்றம்) போகலாம். “எனக்குத் தெரியாது” என்ற வாதத்தைச் சந்தை விலைக்கு மிகக் குறைவாக வாங்கியவர் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

ஹாஃப் கட் கடை உங்களுக்கு வேறொரு பாதுகாப்பு தருகிறது. கடை வியாபாரம் செய்கிறது. அதனால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். “வாரண்டி கிடையாது” என்று ரசீதில் அச்சடித்தாலும் சட்டம் தரும் உத்தரவாதத்தை அது அழிக்காது. பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை, 3 ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். ராவாங் அண்ணன் தம்பி வியாபாரிகள் அல்லர், அவர்கள்மேல் இந்த வழி திறக்காது. கடையில் ரசீதோடு இன்ஜின் எண், இறக்குமதி இன்ஜினானால் சுங்கத்தின் கே1 பாரத்தின் (இறக்குமதி அறிவிப்பு) நகல், இரண்டையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எந்த இன்ஜினானாலும் கழற்றும் முன்பே வங்சா மாஜு ஜேபிஜே முகப்புக்குப் போய், 1.5-லிருந்து 1.8-க்கு மாற்ற என்னென்ன ஆவணம், என்ன அனுமதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியபின் பரிசோதனை, அதன்பின் கிராண்டில் புது எண்ணும் புது சிசியும். இதை முடிக்காமல் ஓட்டினால் பதிவில் ஓர் இன்ஜின், பானட்டுக்குள் வேறொன்று. ரோட் டெக்ஸும் ஏறும். 1,468 சிசிக்கு 90 வெள்ளி கட்டினீர்கள், 1,834 சிசிக்கு 297 வெள்ளி.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் உங்கள் சொந்தச் சேதக் கோரிக்கையை அவர்கள் மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். மூன்றாம் தரப்புக்குக் கொடுத்த பணத்தைக்கூட உங்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

இரண்டு வாரத்தில் அண்ணன், வங்கிக் கடிதம், செட்டில்மெண்ட் நகல் மூன்றும் மேசைக்கு வரவில்லையென்றால் ஹாஃப் கட் கடைக்கே போங்கள். கழற்றிய 4ஜி15-ஐ இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதானாலும், அதன் எண்ணை எழுதி ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஜேபிஜே பதிவில் இத்தனை காலம் அது உங்கள் பெயரோடுதான் இருந்தது.