பூனைக்காலி விதையும் ரோடியமும்: வாசகர் வேதியியல் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஏற்காட்டு மலைச்சரிவில் பூனைக்காலிக் கொடி தானாகப் படர்கிறது. அதன் விதையில் பார்க்கின்சன் நோய்க்கான மருந்துப்பொருள் இருப்பதாகச் சித்த மருத்துவர் ஒருவர் கூறினார். அப்படியிருக்க, அதே பொருளை ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தைக் கொண்டு தொழிற்சாலையில் செய்ய வேண்டிய தேவை என்ன?
— காப்பித் தோட்ட வாசகர், ஏற்காடு

மருத்துவர் கூறியது உண்மை. அந்தப் பொருளின் பெயர் லெவோடோபா. பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தியை 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமோதரனும் இராமசாமியும் ஆவர். நம் மாநிலத்தில் நடந்த இந்தப் பணி நம் பாடநூல்களில் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் விதையில் அப்பொருள் சில விழுக்காடுதான் உள்ளது. அதுவும் கொடிக்குக் கொடி, மண்ணுக்கு மண் மாறுபடுகிறது. நோயாளிக்கோ நாள்தோறும் ஒரே அளவு தேவை. எனவே ஆய்வுக்கூடத்தில் அதைத் தயாரிக்க முயன்றார்கள். அங்கேதான் சிக்கல் எழுந்தது. டோபா மூலக்கூறு நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் அமையக்கூடியது. செடியிலுள்ள நொதி ஒரு வடிவத்தை மட்டுமே ஆக்குகிறது. சாதாரண வேதிவினையோ இரண்டையும் சரிபாதியாகத் தருகிறது. பயன் தருவது இடஞ்சுழி வடிவமே, அதாவது லெவோடோபாவே. மற்றது பயனற்றது என்பதோடு, இரண்டும் கலந்த மருந்தைப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு இரத்த வெள்ளையணுக்கள் குறைந்ததும் 1960-களில் கண்டறியப்பட்டது.

அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் குழுவினர் இதற்கு வழி கண்டனர். இரட்டைப் பிணைப்புள்ள ஒரு தட்டையான முன்பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் டோபாவின் கட்டமைப்பு கிடைக்கிறது. ஹைட்ரஜன் அந்தத் தட்டின் எந்தப் பக்கத்திலிருந்து சேர்கிறது என்பதே எந்த வடிவம் உருவாகும் என்பதை முடிவு செய்கிறது. டைபாம்ப் என்னும் பாஸ்பீன் ஈனி (பாஸ்பரஸ் வழியாக உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) பிணைந்த ரோடியம், வினையூக்கியாக இருந்து, ஹைட்ரஜனைப் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் சேர்த்து, வேண்டிய வடிவத்தைச் சுமார் 95 விழுக்காடு மிகுதியோடு (இரு வடிவங்களின் விழுக்காடுகளுக்கிடையிலான வேறுபாடு) தந்தது. எஞ்சிய கலப்பு படிகமாக்கும்போது நீங்கியது. ஓர் உலோக அணு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றுவதால் ரோடியம் சிறிதளவே போதும். விதையைத் தாமாகவே அரைத்து உண்ண வேண்டாம் என்பதையும் நோயாளிகளின் நலன் கருதிச் சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: உலோகத்தைச் சுற்றி அமையும் ஈனியைக் கணக்கிட்டு வடிவமைக்கிறார்களா, அல்லது பலவற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்களா? வினைபடு மூலக்கூறு நன்கு பொருந்தும்படி ஈனியை அமைத்தால் போதாதா?
— முதுகலை வேதியியல் மாணவி, சேலம்

இரண்டும் நடக்கின்றன, இன்றும் சோதனையின் பங்கே பெரிது என்பது என் கருத்து. இதை வடிவமைப்பின் தோல்வியாகக் கருத வேண்டாம். வினை எவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைச் சார்ந்துள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் இரு வடிவங்களும் 99-க்கு 1 என்ற விகிதத்தில் கிடைக்க, அவற்றுக்குச் செல்லும் இரு பாதைகளின் கிளர்வு ஆற்றல்கள் (வினை நிகழத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைகள்) மோலுக்குச் சுமார் 11 கிலோஜூல் வேறுபட்டால் போதும். நீர் மூலக்கூறுகளிடையே உள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்கக்கூட இதைவிட அதிக ஆற்றல் வேண்டும். கரைப்பானை மாற்றினாலே இந்த வேறுபாடு குலைந்துபோகலாம்.

எனினும், வரலாற்றைப் பார்த்தால் சில தெளிவான கொள்கைகள் புலப்படுகின்றன. ஹைட்ரஜன் சேர்க்கும் ரோடியச் சேர்மமான வில்கின்சன் வினையூக்கியில் இருந்த டிரைபீனைல் பாஸ்பீன் ஈனியை அகற்றி, பாஸ்பரஸ் அணுவே கைரல் மையமாக (ஆடிப் பிம்ப வடிவங்களுக்குக் காரணமான அணுவாக) அமைந்த ஈனியை நோல்ஸ் 1968-இல் பொருத்தியபோது கிடைத்த மிகுதி வெறும் 15 விழுக்காடு. பிறகு பிரான்சின் ஹென்றி ககான், நம் புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலத்திலிருந்து டையாப் என்னும் ஈனியை உருவாக்கினார். அதில் பாஸ்பரஸ் அணுக்கள் கைரல் மையங்களாக இல்லை. அவற்றை இணைக்கும் சங்கிலியிலேயே கைரல் தன்மை இருந்தது. இரண்டு பாஸ்பரஸ்களும் ஒரே உலோகத்தைப் பற்றிக்கொள்வதால் ஈனி தன் விருப்பம்போல் திரும்ப இயலாது. ஜப்பானின் ரியோஜி நொயோரி 1980-இல் வெளியிட்ட பைனாப், ஒன்றையொன்று கடந்து சுழல முடியாத இரு நாப்தலீன் வளையங்களைக் கொண்டது. உலோகத்தின் முன்புறத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து நோக்கினால், எதிரெதிரான இரண்டு பகுதிகளை அதன் பீனைல் வளையங்கள் அடைத்துக்கொள்ள, மற்ற இரண்டு திறந்திருப்பதைக் காணலாம். ருத்தேனியத்தோடு சேர்ந்த பைனாப், கீட்டோன்களிலும் நிறைவுறா அமிலங்களிலும் இவ்வாறு ஹைட்ரஜன் சேர்க்க வழி திறந்தது. நோல்ஸும் நொயோரியும் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது பொருத்தத்தைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு வருகிறேன்; இத்துறையிலேயே என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான். வேதியியலாளர் ஜாக் ஹால்பெர்ன் குழுவினர் ரோடியம் வினையை ஆராய்ந்தபோது, கரைசலில் மிகுதியாகக் காணப்பட்ட, அதாவது நன்கு பொருந்தியிருந்த அணைவுச் சேர்மம் (உலோகமும் வினைபடு மூலக்கூறும் இணைந்த சேர்மம்) முதன்மை விளைபொருளைத் தரவில்லை என்று தெரிந்தது. குறைவாக இருந்த, நிலைத்தன்மை குன்றிய அணைவுச் சேர்மமே ஹைட்ரஜனோடு பல நூறு மடங்கு வேகமாக வினைபுரிந்து, முதன்மை விளைபொருளை உருவாக்கியது. இரு அணைவுகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக விரைந்து மாறிக்கொண்டிருக்கும்வரை இது தொடரும். ஹைட்ரஜன் அழுத்தத்தை உயர்த்தினால் அவை மாறுவதற்குள் வினை முடிந்துவிடுவதால் தெரிவுத்திறன், அதாவது ஒரு வடிவத்தையே மிகுதியாகத் தரும் திறன், குறைகிறது. ஆகவே, தனிமைப்படுத்திய அணைவின் படிக அமைப்பை மட்டும் பார்த்து எந்த வடிவம் கிடைக்கும் என்று முடிவு செய்வது தவறான விடைக்கே இட்டுச்செல்லும்.

இன்னொன்று: டோபாவின் முன்பொருளில் உள்ள அமைடு தொகுதியின் ஆக்சிஜனும் ரோடியத்தைப் பற்றிக்கொள்கிறது. அத்தகைய பிடிமானம் இல்லாத எளிய ஆல்கீன்களுக்கு இவ்வினையூக்கிகள் உதவவில்லை. அவற்றுக்கு ஆந்திரியாஸ் ஃபால்ட்ஸ் 1990-களின் பிற்பகுதியில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கொண்ட இரிடியம் வினையூக்கிகளை உருவாக்க வேண்டியிருந்தது. தாங்கள் செய்முறையில் இறங்கும்போது காற்றின் ஆக்சிஜனை முற்றிலும் நீக்கப் பழகுங்கள். பல பாஸ்பீன்கள் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் களைக்கொல்லி ஒன்றும் இம்முறையில் தயாராவதாக மகன் கூறுகிறான். உண்மையா?
— விவசாயி, ஆத்தூர்

உண்மைதான். எஸ்-மெட்டலாக்குளோர் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கான அமீனை இரிடியம் வினையூக்கியால், சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தில் தயாரிக்கிறார்கள். வேண்டிய வடிவத்தின் மிகுதி ஏறத்தாழ 80 விழுக்காடுதான். மருந்துக்கு இது போதாது, களைக்கொல்லிக்குப் போதும். அதன் சிறப்பு வேறு: ஓர் இரிடியம் அணு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை மாற்றுகிறது. பயனற்ற வடிவம் குறைவதால் வயலில் தெளிக்கும் அளவும் குறைகிறது.

கேள்வி: கஞ்சமலை இரும்புத்தாதுக்குப் பெயர் பெற்றது. ரோடியத்துக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்த முடியாதா?
— உருக்காலை ஊழியர், சேலம்

முடியும், ஆனால் இரும்பை அதற்கேற்பப் பழக்க வேண்டியுள்ளது. ரோடியம் ஒரே படியில் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து வாங்கி, +1, +3 ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே எளிதாகச் சென்று திரும்புகிறது. இரும்பும் கோபால்ட்டும் ஒற்றை எலக்ட்ரான் மாற்றத்தையே நாடுகின்றன. ஈனிகளையும் எளிதில் இழந்துவிடுகின்றன. கனடாவின் ராபர்ட் மாரிஸ், பாஸ்பரஸும் நைட்ரஜனுமாக நான்கு இடங்களில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஈனிகளை அமைத்து, கீட்டோன்களைத் தெரிவுத்திறனோடு ஒடுக்கிக் காட்டினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால் சிரிக் குழுவினர், வலிப்பு நோய்க்கான லெவெட்டிராசெட்டத்தை 2018-இல் கோபால்ட் வினையூக்கியால் தயாரித்துக் காட்டினர்.

நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டினத் தொகுதித் தனிமங்கள் இருப்பதை நிலவியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். இருந்தாலும் அத்தொகுதியைச் சேர்ந்த ரோடியம் உலகெங்கும் அரிதானதே. மருந்தில் எஞ்சும் உலோகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: வாய்வழி மருந்தில் ரோடியம், ருத்தேனியம், இரிடியம் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இரும்பால் இந்தக் கவலை பெரிதும் குறையும். ஆயினும், உலோகத்தின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. பல நேரங்களில் கைரல் ஈனியின் விலையே உலோகத்தின் விலையைவிட அதிகம். நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் இரும்பு வினையூக்கி, லட்சத்துக்கு ஒன்று போதுமான ரோடியத்தைவிட மலிவாகிவிடாது; இரும்பின் சுழற்சி எண்ணை, அதாவது ஓர் அணு மாற்றும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை, உயர்த்துவதே இப்போது செய்ய வேண்டிய வேலை.